20 சென்ட் தோட்டம் நான்கு பேர் வீட்டுக்குப் போதுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: திண்டுக்கல் பக்கம் வீட்டை ஒட்டி 20 சென்ட் செம்மண் நிலம், லேசாக உப்புக் கரிக்கும் போர் தண்ணீர், வீட்டில் நான்கு பேர், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆடிக்குள் நிலம் முழுவதையும் பாத்தி கட்டிவிட்டால், அடுத்த வருடத்திலிருந்து காய், கீரை, பழம் எதற்கும் கடைக்குப் போகாமல் இருக்கலாமா? இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. நிலம் போதுமா என்பது ஒன்று. அதற்குப் பதில் சுலபம்: போதும், மிஞ்சும். விளைச்சலை வருடம் முழுக்கப் பரப்பி வாரா வாரம் சட்டிக்கு வருகிற மாதிரி எடுக்க முடியுமா என்பது இன்னொன்று. வீட்டுத் தோட்டங்கள் படுத்துப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான். பங்குனியில் கூடை கூடையாகத் தக்காளி வந்து அக்கம்பக்கத்துக்கு அள்ளிக் கொடுப்பார்கள். ஐப்பசியில் அதே வீட்டில் பச்சை மிளகாய்க்குக்கூடக் கடைக்குப் போவார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விலை அடிமட்டத்துக்கு விழுகிற வாரமும் உங்கள் செடி குலுங்குகிற வாரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் பட்டம், அதாவது விதைக்கும் பருவம், ஒன்றுதான். ஆகவே காசு மிச்சம் என்ற கணக்கில் இறங்காதீர்கள். மருந்தடிக்காத, பறித்த அன்றே சமைக்கிற காய் வேண்டும் என்றால் இறங்கலாம்.

முதலில் எண்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்று இருக்கிறது. நான்கு பேருக்கு 1.6 கிலோ, வருடத்துக்கு 580 கிலோ சொச்சம். நம் வீடுகளில் உண்மையில் சாப்பிடுவது இதைவிடக் குறைவு. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். கத்தரி ஹெக்டேருக்கு 25 டன் என்றால் சென்ட்டுக்கு 100 கிலோ. வெண்டை 12 டன் என்றால் சென்ட்டுக்கு 50 கிலோவுக்குச் சற்றுக் கீழே. இவை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வயலின் கணக்கு. வீட்டில் பாதி வந்தாலே நல்ல விளைச்சல். சென்ட்டுக்கு சராசரி 50 கிலோ, வருடத்தில் இரண்டரைப் போகம் என்று வைத்தால் 5 சென்ட்டில் 600 கிலோ வந்துவிடுகிறது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 5 சென்ட் போதும் என்று வேளாண் பல்கலைக்கழகம் வீட்டுத் தோட்டத்துக்குச் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது. அரிசியையும் பருப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 20 சென்ட்டும் நெல் போட்டு ஹெக்டேருக்கு 6 டன் எடுத்தாலும் 480 கிலோ நெல்தான். அரிசியாக 300 கிலோ. அது குடிக்கிற தண்ணீரில் ஒரு வருடக் காய்கறியை வளர்த்துவிடலாம்.

எனவே 20 சென்ட்டையும் காய்கறிப் பாத்தியாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். தினமும் கை படவேண்டிய பயிருக்கு வீட்டுப் பின்வாசலை ஒட்டி 5 சென்ட். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்கிற வாழை, முருங்கை, பப்பாளி, கிழங்கு, பழமரங்களுக்கு 10 சென்ட். மீதி 5 சென்ட் தழைச்சத்துக்கும் மூடாக்குக்கும் (மண்ணை மூடிப் பரப்பும் தழை) செடி வளர்க்க, குப்பைக்குழிக்கு, நாளைக்கு ஒரு மாடு வாங்கினால் தீவனத்துக்கு. மரங்களை வடக்கிலும் மேற்கிலும் வையுங்கள். நம் அட்சரேகையில் மார்கழி மதியத்தில் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்து நிற்கும். 20 அடி மரத்தின் நிழல் உச்சிவேளையிலேயே 13 அடி வடக்கே விழும். அந்த நிழல் வேலிக்கு வெளியே போகட்டும். மேற்கே நிற்கிற மரம் சித்திரை மாலை வெயிலைத் தடுக்கும். அது காய்கறிக்கு நல்லதே. தென்னை, வேம்பு இரண்டின் வேரும் பாத்திக்குள் புகுந்து சாரத்தை இழுக்கும், குறைந்தது 15 அடி தள்ளியே பாத்தி போடுங்கள்.

உங்கள் நிலத்துக்கு எல்லை கட்டுவது தண்ணீர்தான், சென்ட் அல்ல. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். பங்குனி, சித்திரையில் மண்ணும் செடியும் சேர்ந்து நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் இழக்கும். 5 சென்ட் என்பது 200 சதுர மீட்டர், ஆக 1000 முதல் 1200 லிட்டர், தினமும். மூடாக்கும் சொட்டுநீரும் இருந்தால் இதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கலாம். 20 சென்ட்டும் காய்கறி என்றால் 4000 லிட்டருக்கு மேல். கோடையில் அந்த அளவு தண்ணீரை உங்கள் போர் ஒரு மாதம் விடாமல் தருமா என்பதை இப்போதே ஓட்டிப் பாருங்கள்: ஒரு 1000 லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம், மறுநாள் அதே நேரம் ஆகிறதா, பத்தாம் நாள் எவ்வளவு ஆகிறது. சித்திரையில் கிடைக்கும் தண்ணீர்தான் உங்கள் தோட்டத்தின் அளவு. அதற்கு மேல் பாத்தி கட்டினால் கோடையில் எதைக் காயவிடுவது என்று தினமும் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

சொட்டுநீர் போடுவதானால் ஒரு விஷயம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாய் இழுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 10 அடி உயரத்துக்கு 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும். கடையில் விற்கும் சொட்டுக் குழாய்கள் 1 பார் அளவுக்குச் செய்தவை. விளைவு, பாத்தியின் தலைமாட்டில் சேறு, கடைமாட்டில் வாடல். மோட்டாரிலிருந்து நேராகக் கொடுங்கள், நடுவில் வடிகட்டி வையுங்கள், உப்புத் தண்ணீர் என்பதால் குழாயின் கடைசி மூடியை மாதம் இரண்டு முறை திறந்து அடித்துக் கழுவுங்கள். கீரைப் பாத்திக்குச் சொட்டுநீர் சரிவராது. அதற்குப் பூவாளிதான்.

‘லேசாக உப்பு’ என்பதை நாக்கால் முடிவு செய்யாதீர்கள். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்திலோ காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ தண்ணீரையும் மண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ஈசி எனப்படும் மின்கடத்தும் திறன் (dS/m அளவில்) 1க்குக் கீழே இருந்தால் எதையும் போடலாம். 1 முதல் 2 வரை என்றால் பயிரைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும்: பீன்ஸ், கேரட், வெங்காயம் முதலில் அடிபடும், தக்காளி, கத்தரி ஓரளவு தாங்கும், பீட்ரூட், தட்டைப்பயறு, தென்னை நன்றாகவே தாங்கும். 3க்கு மேல் போனால் மழைக்காலப் பயிரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கையில் இருந்தால் 640 பிபிஎம் சுமார் 1 ஈசிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம், தோராயம்தான். ஆனால் உப்பின் அளவைவிட அதில் சோடியம் எவ்வளவு என்பதே மண்ணைக் கெடுக்கும். அதை மீட்டர் காட்டாது, பரிசோதனைதான் காட்டும். தண்ணீர் பாய்ந்த பிறகு மேல்மண் சிமெண்டு மாதிரி இறுகி, மழைநீர் உள்ளே இறங்காமல் தேங்கினால் சோடியத்தைச் சந்தேகியுங்கள். அதற்கு ஜிப்சம் போடுவார்கள், எவ்வளவு என்பதை ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எவராவது ரிப்போர்ட் இல்லாமலே மூட்டைக்கணக்கு சொன்னால் கேட்காதீர்கள்.

மண்ணுக்கு வருவோம். செம்மண்ணில் வடிகால் பிரச்சினை இல்லை, ஈரமும் சத்தும்தான் நிற்காது. ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் என்ற பொதுப் பரிந்துரை சென்ட்டுக்கு 100 கிலோ ஆகிறது. 5 சென்ட்டுக்கு 500 கிலோ, ஒவ்வொரு போகத்துக்கும். நான்கு பேர் வீட்டுச் சமையல் கழிவு நாளுக்கு ஒரு கிலோ என்றால், வருடம் முழுவதும் மக்கவைத்தாலும் கிடைப்பது 100 கிலோவை எட்டாது. வீட்டுக் குப்பையிலேயே தோட்டம் நடக்கும் என்று சொல்பவர்கள் இந்தக் கழித்தல் கணக்கைப் போடுவதில்லை. வெளியிலிருந்து எரு வாங்கியே ஆக வேண்டும், அல்லது நிலத்திலேயே தழையை வளர்க்க வேண்டும். இரண்டையும் செய்யுங்கள். கோடை மழை விழுந்ததும் 20 சென்ட்டுக்கும் சணப்பையோ தக்கைப்பூண்டோ 4 கிலோ விதையுங்கள். 45 நாளில், பூ எடுக்கத் தொடங்கும்போது மடக்கி உழுங்கள். காய் பிடிக்க விட்டால் தண்டு நார் ஏறி மக்காது. உழுத பிறகு இரண்டு வாரமாவது ஈரத்தோடு ஆறவிட்டுத்தான் நடவு. வாங்கும் எரு புதுச் சாணமாக இருந்தால் கரையானும் வேர்ப்புழுவும் களை விதையும் சேர்ந்தே வரும். கையில் எடுத்தால் சாண வாடை இல்லாமல் பொலபொலவென்று உதிர்ந்தால்தான் மக்கியது. சென்ட்டுக்கு ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கை அடியுரத்தோடு கலந்துகொள்ளுங்கள். வீடு கட்டிய இடிபாடு கிடந்த மூலையில் காய்கறி வேண்டாம். சுண்ணாம்பும் சிமெண்டும் காரத்தன்மையை ஏற்றிவிடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) தெளித்தால் இலை பச்சை திரும்பும், மண் திரும்பாது.

பலகை அடித்த உயரமான மேட்டுப்பாத்திகளின் படங்களைப் பார்த்துச் செலவு செய்யாதீர்கள். அவை குளிரும் ஈரமும் உள்ள நாடுகளில் மண் சீக்கிரம் சூடேறுவதற்காகச் செய்தவை. நமக்கு மண் சூடேறுவதுதான் தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அரை அடி உயர மண்மேடு. தை முதல் ஆனி வரை தரைமட்டத்துக்குச் சற்றுத் தாழ்ந்த பாத்தி. அகலம் 4 அடி, இருபக்கமும் நின்று கை எட்டும் அளவு, நடுவே ஒன்றரை அடி நடைபாதை. பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

இனி பரப்பி எடுக்கிற வித்தை. நாலு பேர் வீட்டுக்கு ஒரு தடவைக்கு 40 வெண்டைச் செடி, ஒன்றரை அடிக்கு ஒரு அடி இடைவெளியில். செடிக்கு 200 கிராம் என்று வைத்தாலும் 45ஆம் நாளிலிருந்து ஆறேழு வாரத்துக்கு வாரம் ஒரு கிலோவுக்குமேல் வரும். இரண்டு வேளைக்குச் சரி. 40 செடிக்குத் தேவை 60 சதுர அடிதான். அந்தச் செடி பூவெடுக்கும் வாரத்தில் அடுத்த 40 விதை மண்ணில் இருக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். காய்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்ததை விதைக்க மனம் வருவதில்லை. கத்தரி 15 செடி, இரண்டடி இடைவெளி, நூறு நாளைக்கு வாரம் ஒரு கிலோ. தக்காளி 40 செடி நட்டால் ஏழு வாரத்துக்கு வாரம் நாலு கிலோ வரை வரும். மிச்சத்தைத் தொக்காக்கி வைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அடுத்த பல மாதம் தக்காளி இருக்காது. பச்சை மிளகாய் 10 செடி தாராளம். கொத்தவரை, தட்டைக்காய் இரண்டும் 15 அடி வரிசை ஒவ்வொன்று. சின்ன வெங்காயம் ஒரு சென்ட் போட்டால் 50 கிலோ, வருடத்துக்குக் கிட்டத்தட்டப் போதும்; தாளோடு முடிந்து காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டால் நாலைந்து மாதம் நிற்கும். முளைக்கீரை 25 நாளில் வேரோடு பிடுங்குவது, ஆகவே 4 அடிக்கு 4 அடிப் பாத்தியாக வாரம் ஒன்று விதைக்க வேண்டும். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், மூன்று பாத்தி போதும். கீரை விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக முளைக்கும். பெரிய வெங்காயம், உருளை, பூண்டு, பீன்ஸ், முட்டைக்கோஸ் ஆகியவற்றைக் கடையில் வாங்குங்கள். இங்கிலீஷ் காய்களைச் சமவெளியில் வளர்க்க மார்கழி ஒரு மாதம் இடம் கொடுக்கும், அவ்வளவே. முள்ளங்கி, பீட்ரூட் மட்டும் அந்தக் குளிரில் நன்றாக வரும்.

பட்டங்கள் என்று எடுத்தால், ஆடியில் கத்தரி, மிளகாய் நாற்று, வெண்டை, கொத்தவரை, பந்தல் அவரை, புடல், பீர்க்கு, பாகல். நாற்றுகளை ஆனியிலேயே விட்டிருக்க வேண்டும்: கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள், தக்காளிக்கு 25 நாள். தக்காளியை ஆடியில் நடாதீர்கள், பூக்கும் நேரத்தில் மழை வந்து அழுகும்; கார்த்திகைக் கடைசியில் நாற்று விட்டு மார்கழியில் நடுங்கள். தையில் வெண்டை இரண்டாம் சுற்று, வெள்ளரி, பூசணி, சுரை. சித்திரையில் கொத்தவரையும் தட்டையும் தண்டுக்கீரையும் தவிரப் புதிதாக எதையும் நடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். பகல் 35 பாகையைத் தாண்டி இரவும் வெக்கையாக இருந்தால் தக்காளி பூக்கும், ஆனால் மகரந்தம் செத்துப் பூ உதிரும். அது சத்துக் குறைவு என்று நினைத்து உரம் அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. பந்தல் அவரைக்கு வேறொரு குணம்: நாள் குறுகினால்தான் பூக்கும். தையில் விதைத்துவிட்டு ஆறு மாதம் வெறும் கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆடியில் போட்டால் மார்கழியில் சடைசடையாகக் காய்க்கும். எந்த மாதமும் காய்க்க வேண்டும் என்றால் குத்து அவரை ரகம் வாங்க வேண்டும்.

பந்தல் ஆறரை அடி உயரம், கல்தூணோ இரும்புக் குழாயோ, மேலே கம்பி. ஒன்றரை அடிக் குழி, குழிக்கு 10 கிலோ எரு, மூன்று விதை போட்டு இரண்டை நிறுத்துவது. பாகல், புடல், பீர்க்கு, சுரை ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி போதும். முதல் இரண்டு வாரம் ஆண்பூ மட்டும் வந்து உதிரும், அது இயல்பு. பெண்பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும். அது மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. பாகலும் பூசணியும் காலையில் மலர்பவை, தேனீ பார்த்துக்கொள்ளும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலரும், புடல் இரவில். அந்த நேரத்துக்கு வரும் அந்துப்பூச்சி குறைவான இடத்தில் மாலை ஆறு மணிக்கு நீங்களே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிடுங்கள். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இது வசதிதான். காய் வளைந்து, குத்துத் தழும்போடு அழுகினால் பழ ஈ. பிஞ்சு விரல்கடை இருக்கும்போதே காகித உறை மாட்டுவது உறுதியாகப் பலன் தரும். விழுந்த காயைக் குப்பைக்குழியில் போடாமல் இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈயை நீங்களே வளர்ப்பதாக ஆகும். சுரைக்காயை வெட்டியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் எறியுங்கள். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. கசந்த சுரைச் சாற்றைக் குடித்து இந்தியாவில் இறந்தவர்கள் உண்டு. நாமே எடுத்த விதையில் இந்தக் கசப்பு தலைகாட்டக் கூடும், ஏனென்றால் கொடிக்காய்கள் அயல் மகரந்தத்தில் கலப்பவை. விதைக்கு விடும் பெண்பூவை மலர்வதற்கு முன்பே நூலால் கட்டி, கையால் சேர்க்கை செய்து மறுபடி கட்டுங்கள். தக்காளி, அவரை, தட்டை, கொத்தவரையில் இந்தப் பாடு இல்லை, நல்ல செடியாகப் பார்த்து விதை எடுத்தால் போதும். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை மட்டும் அடுத்த தலைமுறையில் தாயைப் போல இராது.

பூச்சியில் உங்களை உண்மையாகவே சோதிக்கப்போவது மூன்று. கத்தரியில் தண்டு, காய்த்துளைப்பான்: நுனிக்குருத்து திடீரென்று தொங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை தொங்கிய குருத்தை ஓரங்குலம் கீழே சேர்த்துக் கிள்ளி எரியுங்கள், ஓட்டை விழுந்த காயையும் சேர்த்து. இதை நடவிலிருந்து விடாமல் செய்கிற வீட்டில் முக்கால்வாசிக் காய் தப்பும். இனக்கவர்ச்சிப் பொறி பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அது ஆண் அந்துப்பூச்சியை மட்டும் பிடிக்கும், பக்கத்து வயலில் இணைந்த பெண் அந்துப்பூச்சி பறந்து வருவதைத் தடுக்காது. பெரிய பரப்புக்கு அது சரி. அடுத்தது வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய், தக்காளியில் இலைச்சுருட்டல். இரண்டும் வைரஸ், வெள்ளை ஈ பரப்புவது. வந்த செடிக்கு மருந்தே கிடையாது. நரம்பு மஞ்சளான அன்றே பிடுங்குங்கள். நாற்றங்காலை நுண்வலைக்குள் வைப்பது தக்காளியில் பாதிப் போரை முடித்துவிடும். நோய் தாங்கும் என்ற விதைப் பொட்டலத்தின் வாக்கு நிரந்தரமல்ல. பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா அனாமிகா வெண்டை வெளிவந்தபோது தாங்கியது, பிறகு பல இடங்களில் தாங்கவில்லை. மூன்றாவது வேர்முடிச்சு நூற்புழு. செடி காரணமில்லாமல் குன்றினால் பிடுங்கி வேரைப் பாருங்கள். செண்டுமல்லி அதைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் வரப்போரம் நாலு செடி நட்டால் அல்ல. அந்தப் பாத்தி முழுக்கச் செண்டுமல்லியே இரண்டு மூன்று மாதம் நின்றால்தான்.

தெளிப்பதில் வேப்பங்கொட்டைச் சாறு சோதித்து நிரூபணமானது. 10 லிட்டருக்கு அரை கிலோ பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் அதன் வீரியம் சிதைந்துவிடும், அதனால்தான் மாலை. பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி என்பது வழக்கம். இலை பளிச்சென்று ஆவது உண்மை, ஆனால் அது எருவுக்கு மாற்று என்பதை ஏற்க முடியாது. அவ்வளவு நீர்த்த கரைசலில் ஒரு செடி ஒரு போகத்துக்கு உறிஞ்சும் தழைச்சத்து இல்லை. வளர்பிறையில் விதை, தேய்பிறையில் கிழங்கு நடு என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மண்ணில் ஈரம் சரியாக இருக்கும் நாளை விட்டுவிட்டுப் பிறைக்குக் காத்திருந்தால் நட்டம்தான்.

மர வகைகளில் பெரியகுளம் தந்த பிகேஎம் 1 முருங்கை இரண்டு போதும். விதையை நேராகக் குழியில் ஊன்றி, மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளி, காய்ப்பு முடிந்தபின் மூன்றடிக்கு வெட்டிவிட வேண்டும். மழைக்காலத்தில் கம்பளிப்புழு அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும்போதே சோப்புத் தண்ணீர் வாளியில் தள்ளிவிடுங்கள். வாழை ஆறு கன்றை ஒரே நாளில் நடாமல் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக நடுங்கள், தார் வருவதும் அப்படியே பிரிந்து வரும். பூவன் பழத்துக்கு, மொந்தன் காய்க்கு, பூவும் தண்டும் உபரி. குளிக்கும் தண்ணீரை வாழைக்கு விடலாம், வாஷிங் மெஷின் தண்ணீர் வேண்டாம், அதில் சோடியம். பப்பாளி மூன்று நாலு, மேடு கட்டி. ஒரு நாள் தண்ணீர் தேங்கினாலே வேர் அழுகும். 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பல தோட்டங்களை அழித்தது. 2010இல் கொண்டுவந்து விட்ட ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. ஆகவே பப்பாளியில் வெள்ளையைக் கண்டதும் கண்ட மருந்தை அடித்து அந்தக் குளவியைக் கொன்றுவிடாதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது சேனைக்கிழங்கு. சித்திரை, வைகாசியில் மூன்றடிக்கு ஒன்றாக 25 குழி, குழிக்கு முளைப்பகுதியோடு ஒரு கிலோத் துண்டு; இலை மஞ்சளாகிச் சாயும் தையில் தோண்டினால் 75 முதல் 100 கிலோ. நடுவில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை, நிழலில் மாதக்கணக்கில் கெடாது.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 5 சென்ட் காய்கறிக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும், விடுமுறை இல்லாமல். இரண்டு நாள் பறிக்காமல் விட்ட வெண்டை நாராகும், செடியும் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். அதனால் இந்த ஆடிக்கு 2 சென்ட்டில் மட்டும் தொடங்குங்கள். ஆள் வைத்து 20 சென்ட்டையும் பாத்தியாக்கினால் மார்கழிக்குள் கோரையும் அறுகும் மூடிவிடும், அதை எடுப்பது முதலில் கட்டியதைவிடச் செலவு.

வேலியை விதைக்கு முன் போடுங்கள். ஆட்டுக்கு முள்கம்பி போதும், கீழே பெருச்சாளிக்கு ஓரடி வலையை மண்ணுக்குள் இறக்க வேண்டும். திண்டுக்கல் பக்கம் மயில் வராத தோட்டம் அரிது. நாற்றின் குருத்தையும் பழுக்கிற தக்காளியையும் கொத்தும். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாதுகாக்கப்பட்ட பறவை, விஷமோ கண்ணியோ வைத்தால் வழக்கு. நடவான முதல் மாதம் பாத்திக்கு மேலே மூன்றடி உயரத்தில் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டுவதுதான் வழி. பழமரக் கன்றுகளைப் புரட்டாசியில், வடகிழக்கு மழைக்கு முன்னால் நடுங்கள், முதல் மூன்று மாதத் தண்ணீரை மழையே ஊற்றிவிடும். சொட்டுநீருக்கான பணத்தை ஒரு போகம் கையால் பாய்ச்சிப் பார்த்த பிறகு செலவிடுங்கள். எந்தப் பாத்தி எங்கே நிற்கும் என்பது அதற்குள் இரண்டு முறை மாறியிருக்கும். தண்ணீர் ரிப்போர்ட்டில் ஈசி 3ஐத் தாண்டி வந்தால் மட்டும் மேலே சொன்ன 5 சென்ட்டை 2 சென்ட்டாகச் சுருக்கி, அந்த 2 சென்ட்டுக்குக் கூரை மழைநீரைச் சேமிக்கும் தொட்டிக்கு முதல் செலவைச் செய்யுங்கள். 1000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்கு 900 லிட்டர் விழும்.